ஆண் வரிசையில் ரேலீன்

நீல நாடாவின் ஒரு முனையைப் பல்லில் கடித்துக்கொண்டு, மறுமுனையை வலது கையால் இழுத்து, இடது புஜத்தில் இறுக்கி முடிந்துகொள்கிறாள் ரேலீன். கண்ணாடி பார்ப்பதில்லை. யாரையும் உதவிக்குக் கூப்பிடுவதுமில்லை. பிறகு பையிலிருந்து கம்பி பிரஷ்ஷை எடுத்துத் தன் கறுப்புக் காலணியின் அடித்தோலை நாலு தேய்ப்புத் தேய்ப்பாள். ஆண்கள் போடும் நடனக் காலணி, பதினோராம் அளவு. தேய்க்காவிட்டால் தோல் வழுவழுத்துப் போய், திரும்பும்போது சறுக்கிவிடும். அது முடிந்ததும் எழுந்துபோய் ஆண்கள் வரிசையின் கோடியில் நிற்பாள். அந்த வரிசையிலேயே உயரமான ஆள் அவள்தான்.

நியூகாசிலில் ஒரு டயர் கடையின் மாடியில் வியாழக்கிழமைதோறும் மாலை ஆறரைக்கு நெரிடா டீச்சரின் பால்ரூம் நடன வகுப்பு, ஆணும் பெண்ணும் ஜோடியாக ஆடுவது. மாடிப்படி ஏறும்வரை ரப்பர் வாசனை, மேலே போனால் தரை மெழுகு வாசனை. பெண்கள் இருபத்து மூன்று பேர். ஆண்கள் ஆறு பேர். அதிலும் காலின் என்பவர் தன் நாய்க்கு உடம்பு சரியில்லை என்றால் வரமாட்டார், அந்த நாய்க்கோ மாதத்தில் இரண்டு வியாழன் உடம்பு சரியிருக்காது. ஆகவே பெண்களில் சிலர் ஆண் வேடம் கட்டியே ஆகவேண்டும். யார் முன்னோக்கி நடந்து ஜோடியை நடத்துபவர், யார் பின்னோக்கி நடந்து கூடப் போகிறவர் என்று கூட்டத்தில் மற்றவர்களுக்குத் தெரிய வேண்டும் அல்லவா? அதற்குத்தான் நாடா.

என் வலது முழங்கால் என்னைக் கைவிட்ட பிறகு பாட்டுப் போடும் வேலை எனக்கு வந்தது. எல்லாரும் என்னைப் பெட்டிக்காரர் என்று கூப்பிடுகிறார்கள். அதற்கு முன் நானும் ஆடிக்கொண்டிருந்தவன்தான். ரேலீனோடு ஒரே ஒருமுறை ஆடினேன். என் மூக்கு அவள் சட்டையின் இரண்டாவது பொத்தானில் இடித்தது. "உனக்கு மூச்சு முட்டுது, எனக்குச் சிரிப்பு முட்டுது. விட்டுடலாம்ப்பா" என்றாள். விட்டுவிட்டோம்.

பகலெல்லாம் அவள் ஊர்ப் பேருந்து ஓட்டுகிறாள். சார்ல்ஸ்டவுன் மேட்டிலிருந்து இறங்கிக் கடற்கரை வரை, மறுபடி மேடு. இருபத்தாறு வருஷமாக இதே வேலை. சிக்னலில் வண்டி நிற்கும்போது ஸ்டீயரிங்கில் மூன்று தட்டுத் தட்டுவாள். முதல் தட்டு பெரியது, மற்ற இரண்டும் சின்னவை; வால்ட்ஸ் நடனத்தின் தாளம். முன் இருக்கையில் உட்காரும் பள்ளிக்கூடப் பிள்ளைகளும் இப்போது அப்படித் தட்டுகிறார்கள். இறங்குகிற ஒவ்வொருவரும் இந்த ஊர் வழக்கப்படி அவளுக்கு ஒரு நன்றி சொல்லிவிட்டு இறங்க, இவள் ஒவ்வொருவருக்கும் கட்டைவிரலைத் தூக்குவாள்.

நடனக் கூடத்திலும் பேச்சு பஸ் பேச்சுதான். "நீளத்துல ரெண்டு பஸ், அகலத்துல ஒண்ணு. தாராளமா திருப்பலாம்" என்று முதல் நாளே கூடத்தை அளந்துவிட்டாள். தாளம் பிடிபடுவதற்குள் காலை எடுத்துவிடும் பெட்டி என்ற பெண்ணிடம், "இரும்மா, இன்னும் கதவே மூடல" என்பாள். ஆனால் அவள் பிடித்தால் விபத்தே கிடையாது. பதினாலு ஜோடி ஒரே நேரத்தில் சுற்றும்போது, எந்த ஜோடி எங்கே தடுமாறும் என்று நாலடி முன்னதாகவே தெரிந்து ஒதுங்கிவிடுவாள். கழுத்தைத் திருப்புவதே இல்லை. இருபத்தாறு வருஷம் கண்ணாடியில் பின்னால் பார்த்த கண்.

பன்னிரண்டு வருஷத்துக்கு முன் அவள் முதன்முதலாக அந்தப் படியேறி வந்தபோது பூப்போட்ட பாவாடையும், குதிகால் தாழ்ந்த பெண்கள் காலணியும் அணிந்திருந்தாள். நெரிடா அவளைக் கால் முதல் தலை வரை பார்த்தார். தலை வரை பார்க்கச் சற்று நேரமாகியிருக்கும். "இந்த ஒரு வாரம் மட்டும் ஆம்பளைங்க பக்கம் நில்லும்மா. நாலு பேரு சும்மா உக்காந்திருக்காங்க" என்றார். அந்த வாரம் இன்னும் முடியவில்லை. நடுவில் ஒருமுறை ரேலீன் கேட்டுப் பார்த்தாள். அவள் பெண் வரிசைக்குப் போனால் இன்னும் இரண்டு பேர் உட்கார வேண்டிவரும் என்று நெரிடா விரல்விட்டு எண்ணிக் காட்டினார். ஆறு ஆண்களும் அவள் தோளுக்குக் கீழே இருப்பவர்கள் என்பதைச் சொல்லவில்லை. "அடுத்த மாசம் பாக்கலாம்" என்றார். ரேலீன் மறுபடி கேட்கவில்லை.

அவளுக்கு என்ன வேண்டும் என்பது எனக்குத் தெரியவந்தது ஒரு மழை நாளில். மேட்டின் கடைசி நிறுத்தத்தில் வண்டி நின்றிருந்தது. நான் ஒருவன்தான் பயணி. கிளம்ப ஏழு நிமிடம் இருந்தது. ஃபிளாஸ்க்கிலிருந்து டீயை மூடியில் ஊற்றி எனக்குக் கொடுத்துவிட்டு, அவள் ஃபிளாஸ்க்கோடு குடித்தாள். கண்ணாடிக்கு வெளியே, தூரத்தில், நிலக்கரிக் கப்பல்கள் முறைக்காகக் காத்து நின்றன.

"எங்க ஊர்ல, கர்ரி கர்ரில, எனக்குப் பதினாறு வயசு. வெள்ளை கவுன் போட்டு மேயர் முன்னாடி வணங்குவாங்கல்ல, அந்த வருஷ பார்ட்டி. எட்டுப் பொண்ணுங்க, எட்டுப் பசங்க. எட்டு வாரம் பிராக்டிஸ். பசங்க பாதிப் பேரு வரவே மாட்டானுங்க. வாத்தியாரம்மா என்னைப் பாத்தாங்க. ஏ நீளக்காலு, நீ இந்தப் பக்கம் வான்னாங்க. ஏழு பொண்ணுங்களுக்கும் நான்தான் ஆடக் கத்துக்குடுத்தேன்."

"உன் ஜோடி?"

"கசாப்புக் கடைக்காரர் பையன். என் காது வரைக்கும் வருவான். அன்னிக்குச் சாயங்காலம் பாத்து காய்ச்சல்னு சொல்லி அனுப்பிட்டான். மறுநாள் ஃபுட்பால் ஆடினான். நான் போய்ப் பாத்தேன். நல்லாத்தான் ஆடினான்."

சிரித்தாள். நானும் சிரித்தேன். ஃபிளாஸ்க்கை மூடினாள்.

"அப்பா கையப் பிடிச்சுட்டுப் போய் மேயருக்கு வணக்கம் வெச்சேன். அப்புறம் வால்ட்ஸ் ஆரம்பிச்சுது. அப்பாவுக்கு ஆடத் தெரியாது, சுரங்கத்து ஆளு. எம் பக்கத்துல உக்காந்து, என்னோட கையுறைய வாங்கி மடிச்சு மடிச்சு வெச்சுட்டிருந்தார். ஏழு பேரும் ஆடினாங்க. நான் கத்துக்குடுத்தது. எல்லாம் பின்னாடி, பின்னாடி, வழுக்கிட்டுப் போனாங்க. ஒருத்தியும் திரும்பிப் பாக்கல, தெரியுமா?"

"இப்ப என்ன வேணும்ங்கற?"

"ஒரே ஒரு பாட்டு. யாராவது என்னைப் பின்னாடி கூட்டிட்டுப் போகணும். எங்க போறோம்னு எனக்குத் தெரியக் கூடாது." மழைத் துடைப்பானை ஓடவிட்டாள். "பஸ்ஸக்கூட பின்னாடி எடுக்க விடமாட்டாங்கப்பா எங்கள. தப்பான தெருவுல திரும்பிட்டா, ரேடியோவுல சொல்லிட்டு ஆள் வர்ற வரைக்கும் உக்காந்திருக்கணும். அதான் ரூலு."

நேரமாகிவிட்டது. கதவை மூடி வண்டியை எடுத்தாள்.

அவளுக்கு ஒரு கணவர் இருந்தார். குவீன்ஸ்லாந்துக்கு வேலை தேடிப் போனவர், அங்கேயே இருந்துவிட்டார். மகன் மேற்கே சுரங்கத்தில் இருக்கிறான், ஞாயிறன்று பேசுவான். இவற்றைப் பற்றியெல்லாம் அவள் குறைப்பட்டுக்கொண்டு நான் கேட்டதில்லை.

வகுப்பில் அவளுடைய நிரந்தர ஜோடி மெர்ல். எழுபத்தேழு வயதுப் பெண்மணி, நாலடி பத்து அங்குலம், தொலைபேசி நிலையத்தில் நாற்பது வருஷம் இணைப்புக் கொடுத்துக் கூர்மையான நாக்கு. மெர்லுக்குப் பார்வையின் நடுவே ஒரு சாம்பல் வட்டம் விழுந்திருக்கிறது. ஓரங்கள் மட்டும்தான் தெரியும். ஆளை நேராகப் பார்த்தால் ஆள் காணாமல் போய்விடுவார். அதனால் பேசுகிறவரின் காதுக்கு அப்பால் பார்த்துக்கொண்டு பேசுவார். வைத்தியர் நடனத்தை விடச் சொல்லிவிட்டார். மெர்ல் வைத்தியரை விட்டுவிட்டார். ஐம்பது வருஷமாகப் பின்னால் நடந்து பழகிய உடம்பு. பின்னால் நடப்பவருக்குக் கண் எதற்கு, முன்னால் நடப்பவருக்குத்தானே வேண்டும்? ரேலீனின் கைக்குள் இருந்தவரை மெர்லுக்கு ஒரு கீறல் விழுந்ததில்லை.

சென்ற ஏப்ரலில் ஹெங்க் வந்தார். துறைமுகத்தில் பெரிய கப்பல்களை இழுத்து வரும் டக் படகில் எஞ்சினியராக இருந்து ஓய்வு பெற்றவர். சின்னப் பிள்ளையாக ஹாலந்திலிருந்து வந்தவர், ஆறடி நாலு அங்குலம். உள்ளே நுழையும்போதே குனிந்துதான் நுழைந்தார். கூடத்தில் இருபத்து மூன்று பெண்களும் பேச்சை நிறுத்தினார்கள்.

"எனக்கு ஒரு வால்ட்ஸ் போதும்" என்றார் ஹெங்க். "ஜூன் கடைசில எம் பொண்ணு கல்யாணம். அப்பாவும் பொண்ணும் ஆடணுமாம். அவ அம்மாவோட ஆசை. பொண்ணுக்கும் ஆட வராது, எனக்கும் வராது. பத்து வாரம் இருக்கு."

"பொண்ணு எவ்வளவு உயரம்?" என்று கேட்டார் நெரிடா.

ஹெங்க் கூடத்தைச் சுற்றிப் பார்த்தார். ரேலீனிடம் வந்ததும் பார்வை நின்றது. "அதோ, அவங்க அளவு."

ரேலீன் பல்லில் நாடாவின் முனையைக் கடித்துக்கொண்டிருந்தாள். நெரிடா அவளருகே போய், கையிலிருந்து நாடாவை வாங்கி, தன் பாக்கெட்டில் போட்டுக்கொண்டார். ரேலீன் வாயைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். காது வரை சிவந்திருந்தது.

ஆனால் அன்று நடந்தது நடனமில்லை. ஹெங்க் காலை முன்னே வைக்கத் தயங்கினார். தயங்கிய அந்தக் கணத்தில் ரேலீனின் தோள் அவரை இழுத்துக்கொண்டு போயிற்று. மூலையில் அவரைத் திருப்பினாள். பெட்டியின் ஜோடி குறுக்கே வந்தபோது அவரை ஒதுக்கினாள்.

"ரேலீன், இன்னிக்கு நீ பொண்ணு" என்றார் நெரிடா.

"தெரியும்."

"உன் தோளுக்குத் தெரியலையே."

ஹெங்க் நின்று மூச்சு வாங்கினார். "டக் யாரு, கப்பல் யாருன்னு முதல்ல முடிவு பண்ணிக்கலாமா?"

கூடமே சிரித்தது. ரேலீன்தான் எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தாள்.

மறுவாரம் டீ நேரத்தில் ஹெங்க் அவளிடம் சொல்லிக்கொண்டிருந்தது என் காதில் விழுந்தது. "நாப்பது வருஷம் கீழ, எஞ்சின் ரூம்ல. மேலேருந்து மணி அடிப்பாங்க. முன்னாடின்னா முன்னாடி, நிறுத்துன்னா நிறுத்து. வெளில என்ன இருக்குன்னு நான் பாத்ததே இல்ல. இப்ப திடீர்னு ஓட்டுன்னா எப்படி?"

"எனக்கு நேர் எதிர்" என்றாள் ரேலீன். "எப்பவும் முன்னாடிக் கண்ணாடிதான்."

அதன் பிறகு காலையில் மெரிவெதர் கடல்நீர் நீச்சல் குளத்துக்குப் போகிறவர்கள் ஒரு காட்சியைப் பார்த்தார்கள். இடுப்பளவு தண்ணீரில் ரேலீன் குளத்தின் ஒரு கரையிலிருந்து மறுகரைக்குப் பின்னாலேயே நடந்தாள். நீச்சலடிப்பவர்கள் முட்டிக்கொண்டு திட்டினார்கள். "அம்மா, கண்ணு பின்னாடியா இருக்கு?" "இல்லப்பா, அதான் பழகறேன்" என்று பதில் சொல்லிவிட்டு மறுபடி பின்னால் நடந்தாள். ஏப்ரல் போய் மே மாதம் வந்து, இந்தப் பக்கத்துக் குளிர்காலம் நெருங்கித் தண்ணீர் குளிர்ந்தது. அவள் நிறுத்தவில்லை.

இந்த வாரங்களில் மெர்ல் என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு பாட்டுக்கும் குறை சொல்வார். "இது வேகம். இது இழுவை. இந்தாளு பாடறானா, பல் வலியா?" ஐந்தாம் வாரம் பொறுக்கமுடியாமல் காலினோடு ஆடப் போனார். இரண்டாவது சுற்றில் காலின் அவரைத் தூணில் கொண்டுபோய் மோதிவிட்டார். பெரிய அடியில்லை, நெற்றியில் ஒரு புடைப்பு. ஆனால் சத்தம் கூடம் முழுக்கக் கேட்டது. ரேலீன் ஹெங்க்கின் கையை உதறிவிட்டு ஓடிவந்தாள்.

ஈரத் துணியை நெற்றியில் வைத்து அழுத்திக்கொண்டே, "அடுத்த வாரத்திலேர்ந்து நான் உன்னோடவே ஆடறேன், மெர்ல்" என்றாள். "அவருக்கு வேற யாராவது பாத்துக்கட்டும்."

மெர்ல் அவள் காதுக்கு அப்பால் பார்த்தார். "ஏன், எனக்குப் புண்ணியம் சேக்கறியா? உனக்குப் பத்து வாரம்டி. எனக்குப் பன்னெண்டு வருஷம் கிடைச்சுது. போ, போய் ஆடு. துணிய மட்டும் குடுத்துட்டுப் போ."

ரேலீன் போகாமல் நின்றாள். மெர்ல் கைப்பையால் அவள் தொடையில் ஒன்று வைத்தார். போனாள்.

ஒன்பதாம் வாரம். நான் ஒரு மெதுவான வால்ட்ஸ் போட்டிருந்தேன். ஹெங்க்கின் உதடு இப்போது எண்ணிக்கொண்டிருக்கவில்லை. ஜன்னல் பக்க நீளத்தில் இருவரும் வந்துகொண்டிருந்தபோது, ரேலீனின் முதுகுக்குப் பின்னால் பெட்டியின் காலணி வார் அறுந்து, பெட்டி அப்படியே நின்றுவிட்டாள். ரேலீன் பார்க்கவில்லை. ஹெங்க் பார்த்தார். ஒரு தாளம் நிறுத்தி, அவள் முதுகில் வைத்த கையால் லேசாக ஒரு பக்கம் சாய்த்து, சுற்றிக்கொண்டு போய்விட்டார். பெட்டியைக் கடந்த பிறகுதான் ரேலீனின் கண்ணில் பெட்டி பட்டாள்; குனிந்து வாரைப் பார்த்துக்கொண்டிருந்த பெட்டி. தனக்குப் பின்னால் என்ன இருந்தது, தான் எதிலிருந்து தப்பி வந்தோம் என்பது அவளுக்கு அப்போதுதான் புரிந்தது. தோள்கள் இரண்டும் தாழ்ந்தன. பன்னிரண்டு வருஷத்தில் அந்தத் தோள்கள் தாழ்ந்து நான் பார்த்ததில்லை. மீதிப் பாட்டு முழுவதும், ஒரு நிமிடத்துக்குக் கொஞ்சம் அதிகமிருக்கும், அவள் கண்ணை மூடிக்கொண்டு போனாள்.

பாட்டு முடிந்ததும் நேரே சமையலறைக்குப் போய்க் கோப்பைகளைக் கழுவ ஆரம்பித்தாள். அவை ஏற்கெனவே கழுவி வைத்த கோப்பைகள்.

"அடுத்த வாரம் கடைசி வாரம், இல்ல?" என்று கேட்டாள், திரும்பாமல்.

"ஆமா."

"முழுப் பாட்டும் போடுவ இல்ல? பாதில நிறுத்த மாட்டியே?"

"முழுசா போடறேன்."

பத்தாம் வாரம் அவள் தலைமுடியைச் சுருட்டி விட்டுக்கொண்டு வந்தாள். கருநீலப் பட்டுப் பாவாடை. அட்டைப்பெட்டியிலிருந்து புதிதாக எடுத்த வெள்ளிநிறக் காலணி, இரண்டு அங்குலக் குதி. அதோடு அவள் ஹெங்க்குக்குச் சரிக்குச் சமமாக இருப்பாள். ஆறு ஆண்களும் எழுந்து நின்று விசிலடித்தார்கள். "வாயை மூடுங்கடா" என்று சொன்னாள், மகிழ்ச்சியாக.

ஹெங்க் குனிந்து உள்ளே வந்தார். பின்னால் இன்னொருத்தி குனிந்து வந்தாள். மகள், ஆனக்கா. ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை, வாராவாரம் மாலை வேலை இருந்ததால் வரமுடியாதவள், எப்படியோ மாற்றிக்கொண்டு வந்திருந்தாள். ஒன்பது நாளில் கல்யாணம். "அப்பா ஆடறாராம், நம்பவே முடியல. நான்தான் கவுத்துடுவேன் போல" என்று நெரிடாவிடம் சொன்னாள்.

ஹெங்க் மகளைப் பிடித்தார். நாலாவது அடியில் அவள் அவர் காலை மிதித்தாள். ஏழாவதில் அவர் அவள் காலை மிதித்தார். அவள் திரும்பித் திரும்பிப் பின்னால் பார்த்தாள். "அப்பா, வேணாம்ப்பா. எல்லாரும் சிரிப்பாங்க" என்று கண்ணீர் வரும் குரலில் சொன்னாள். ஹெங்க் கையைப் பிசைந்துகொண்டு ரேலீனைப் பார்த்தார்.

ரேலீன் ஜன்னலோரம் நின்றிருந்தாள். பாவாடையின் மடிப்பை ஒருமுறை நீவிவிட்டாள். பிறகு நடந்துவந்து, இடது கையை உயர்த்தி, வலது கையை அந்தப் பெண்ணின் முதுகில் வைத்தாள்.

"என்னைப் பாரு, தங்கம். பின்னாடி ஒண்ணும் இல்ல. இருந்தா அத நான் பாத்துக்கறேன். உன் வேலை ஒண்ணே ஒண்ணுதான், வலது காலை எடுக்கறது. போலாமா?"

ஒரு மணி நேரம். வெள்ளிக் குதிக்காலணியோடு, மூலைக்கு மூலை, அவள் அந்தப் பெண்ணை முன்னின்று நடத்திக்கொண்டு போனாள். முக்கால் மணியில் ஆனக்கா திரும்பிப் பார்ப்பதை நிறுத்தினாள். "நீங்க பிடிச்சா பயமே வரல" என்றாள். "உங்கப்பா பிடிச்சாலும் வராது. நான் பாத்திருக்கேன்" என்று சொல்லி ரேலீன் அவளை ஹெங்க்கின் கையில் கொடுத்தாள். அப்பாவும் மகளும் ஒரு முழுப் பாட்டு ஆடினார்கள். நான் வாக்குக் கொடுத்த பாட்டு. எல்லாரும் கைதட்டினோம். வகுப்பு நேரம் முடிந்தது.

ஹெங்க் அவள் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். "கல்யாணத்துக்குக் கண்டிப்பா வரணும். உன் கால்ல எத்தன தடவ மிதிச்சிருக்கேன், ஒரு சாப்பாடாவது போடணும்."

"சனிக்கிழமை எனக்கு டியூட்டி, ஹெங்க்" என்றாள்.

டியூட்டி இல்லை. அவளுடைய சனிக்கிழமைகள் எனக்குத் தெரியும். பிறகு பணிமனைக்குப் போன் பண்ணி, வேறு யாருடையதோ ஒரு டியூட்டியைக் கேட்டு வாங்கிக்கொண்டாள்.

கல்யாணத்துக்கு அடுத்த வியாழன் நெரிடா தன் பாக்கெட்டிலிருந்து நாடாவை எடுத்துத் தயக்கத்தோடு நீட்டினார். ரேலீன் வாங்கிப் பல்லில் கடித்தாள். ஹெங்க் ஒரு புகைப்படம் அனுப்பியிருந்தார்; அப்பாவும் மகளும், அவள் தலை நிமிர்ந்து, கண் மூடி. எல்லாரும் பார்த்தார்கள். ரேலீன் பார்த்துவிட்டு, "கால் வைப்பு சரியா இருக்கு" என்று மட்டும் சொன்னாள். மெர்லை எழுப்பிக் கூட்டிக்கொண்டு போனாள். ஆட்டத்தில் ஒரு பிசகும் இல்லை.

இரண்டு வாரம் கழித்து மெர்ல் என் காதைத் தேடிப் பிடித்துக் கேட்டார்: "செவ்வாய்க்கிழமை காலைல உனக்கு ஏதாவது வேலை இருக்கா, பெட்டிக்காரா?"

"இல்ல. ஏன்?"

"அவ மூஞ்சி எனக்குத் தெரியாது. கைதான் தெரியும். கல்யாணத்துக்கு அப்புறம் அந்தக் கையைப் பிடிச்சா கொடிக்கம்பத்தைப் பிடிச்ச மாதிரி இருக்கு. நெரிடாவை வரச் சொல்லியிருக்கேன். நீ பாட்டுப் போடு. வாயைத் திறந்த, தொலைச்சுடுவேன்."

ஐந்து செவ்வாய்க்கிழமைகள். ஐம்பது வருஷமாக வலது காலைப் பின்னே வைத்தவருக்கு இடது காலை முன்னே வைக்க வரவில்லை. "நான் இந்தப் பக்கமே வந்ததில்லையே" என்று முணுமுணுப்பார். நெரிடா கெஞ்சினார். "கண்ணு தெரியாம நீ எப்படி மெர்ல் ஓட்டுவ? இடுப்பு உடைஞ்சா யாரு பொறுப்பு?" "எந்த இடுப்பு? என்னோடதுதான. ஒண்ணு ரெண்டு மூணு, எண்ணு."

ஆகஸ்டு கடைசி ஞாயிறு, மாதாந்தர மதிய நடனம். ஆளுக்கொரு தட்டுப் பலகாரம் கொண்டுவந்து நீள மேசையில் வைத்திருந்தோம். குளிர்கால வெயில் ஜன்னல் வழியாகத் தரையில் கிடந்தது. நெரிடா என்னைப் பார்த்துத் தலையசைத்தார். மெதுவான வால்ட்ஸ் ஒன்றைப் போட்டேன்.

மெர்ல் கைப்பையை என் மடியில் வைத்தார். எழுந்து, வாய்க்குள் அடிகளை எண்ணிக்கொண்டு, கூடத்தின் குறுக்கே நடந்தார். பதினெட்டாவது அடியில் ரேலீனுக்கு முன்னால் நின்று இடது கையை உயர்த்தினார். ரேலீன் பழக்கத்தில் தன் இடது கையை நீட்டினாள். மெர்ல் அதைத் தட்டிவிட்டார்.

"அந்தக் கை இல்ல. அடுத்தது."

ரேலீனுக்குச் சற்று நேரம் புரியவில்லை. புரிந்ததும், "மெர்ல், வேணாம். நீ விழுந்துடுவ" என்றாள்.

"விழுந்தா உம் மேலதான் விழுவேன். மெத்துனுதான் இருக்கும். குடுடி கையை."

ரேலீன் வலது கையைக் கொடுத்தாள். இடது கையை எங்கே வைப்பது என்று தெரியாமல், குனிந்து, மெர்லின் தோளில் வைத்தாள். மெர்லின் நெற்றி அவள் மார்பெலும்புக்குத்தான் வந்தது. விளக்குக் கம்பத்துக்குப் பின்னாலிருந்து தெருவைப் பார்ப்பதுபோல, மெர்ல் அவள் விலாவுக்குப் பக்கவாட்டில் தலையை நீட்டிக் கண்ணின் ஓரத்தால் பார்த்தார். இடது காலை முன்னே வைத்தார்.

ரேலீன் பின்னே போனாள். யாரும் சொல்லாமலே மற்ற ஜோடிகள் சுவரோரம் ஒதுங்கினார்கள். இரண்டாவது அடியிலேயே அவள் கழுத்து திரும்பப் பார்த்தது.

"திரும்பாத. ஓட்டறது நான்."

நின்றது கழுத்து. அடிகள் சின்னவை, ரேலீனின் நீளக்கால்கள் பாதியடி வைத்துப் பாதியடியில் காத்திருந்தன. முதல் மூலையில் மெர்ல் அவளை அரைவட்டம் திருப்பவேண்டும், முக்கால் வட்டம் திருப்பிவிட்டார். மேசை விளிம்பில் ரேலீனின் இடுப்பு உரசி, கரண்டிகள் குலுங்கின. அவள் நிற்கவில்லை. ஓசைப்படாமல் ஒரு நாற்காலியை நகர்த்திக்கொண்டு காலின் பின்வாங்கினார். ஜன்னல் பக்க நீளத்தில் வெயிலுக்குள் வந்தார்கள். மெர்ல் வாய்விட்டு எண்ணிக்கொண்டிருந்தார், ஒண்ணு ரெண்டு மூணு, ஒண்ணு ரெண்டு மூணு, நாற்பது வருஷம் இணைப்புக் கொடுத்த அந்தக் குரலில். பாதிக் கூடத்தில் ரேலீனின் தோள்கள் தாழ்ந்ததைப் பார்த்தேன். என் அருகே நெரிடா கையை வாயில் வைத்துக்கொண்டு நின்றார்.

பாட்டு முடிந்தது. கூடத்தின் நடுவில், எந்தச் சுவரிலும் மோதாமல், நின்றார்கள். ஒருவரும் கைதட்டவில்லை. அடுத்தது வேகமான குவிக்ஸ்டெப். என் விரல் பொத்தானின் மேல் இருந்தது.

"முடிஞ்சுதா?" என்று கேட்டார் மெர்ல், மூச்சிரைக்க.

ரேலீன் கண்ணைத் திறக்கவில்லை. மெர்லின் தோளில் வைத்த இடது கையை எடுக்கவும் இல்லை.